ஆறரை மாடி

என் கணவரோடு ஒரு தலையணை ஏழு வாரம் பேசிக்கொண்டிருந்தது. அந்தத் தலையணை நான்தான். கடைசிப் பதிலை மட்டும் நான் எழுதவில்லை. அந்த ஒரு பதிலால் எங்கள் குடித்தனம் இரண்டு ஊராகப் பிரியப் பார்த்தது.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

நான் வேலை செய்வது தலையணை தயாரிக்கும் கம்பெனியில். கீழ்த்தளத்தில் உறைக்குள் பஞ்சு ஊதும் மெஷின்கள். மாடியில் கம்ப்யூட்டரோடு நாங்கள் நாலு பேர். கீழே ஊதுகிற பஞ்சு சும்மா இருக்காது. படியேறி வந்து கீபோர்டில் உட்காரும், டீயில் மிதக்கும், தலையில் படியும். சாயங்காலம் கண்ணாடி பார்த்தால் எனக்கு எழுபது வயது. வீட்டுக்குப் போய்த் தலையைத் தட்டிக்கொண்டால் மறுபடி முப்பத்தெட்டு. அந்த அறையில் பேனா விழுந்தாலும் சத்தம் வராது. ஜன்னல் வெளிச்சத்தில் பஞ்சு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பாதித் தூக்கத்தில் நடப்பது போலவே எட்டு மணி நேரமும் ஓடும்.

என் வேலை, கம்பெனியின் பக்கத்தைச் சமூக வலைத்தளத்தில் நடத்துவது. தினமும் காலையில் ஒரே கேள்வியைப் போடுவோம்: "நேற்று என்ன கனவு?" ஜனங்கள் எழுதுவார்கள். எல்லாரும் பார்க்க எழுதக் கூச்சப்படுகிறவர்கள் தனியாக மெசேஜ் அனுப்புவார்கள். அத்தனை பேருக்கும் தலையணையே பேசுவதாகப் பதில் போகும். பற்கள் எல்லாம் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வரிசையாக வாயை விட்டு நடந்து போனதாக ஒருவர் எழுதினார். ஒரு டீச்சர் தினமும் கனவில் ஒரே பஸ்ஸைத் தவறவிடுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் பஸ்ஸே திரும்பி வந்து அவரைத் திட்டியதாம். ரிட்டயர் ஆன குமாஸ்தா ஒருவரின் ஃபைல்கள் மீன்களாகி நீந்திப் போய்விட்டன. அவர் கரையில் நின்று ஒவ்வொன்றையும் நம்பர் சொல்லிக் கூப்பிட்டாராம்.

நான் எல்லாருக்கும் மனதாரப் பதில் எழுதினேன். யார் என்ன கனவு சொன்னாலும் ஒரு கேள்வி கேட்பேன்: "கனவில் பசித்ததா?" அதை அவர்களிடம் அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கொஞ்சம் யோசிப்பார்கள், பிறகு மடை திறந்த மாதிரி எழுதுவார்கள். அப்படி எழுதுகிறவர்களில் பத்துக்கு ஒருவர் தலையணை வாங்குவார். வியாபாரம் என்றால் இவ்வளவுதான். அதை நான் இழிவாகச் சொல்லவில்லை. தலையணையும் நல்ல தலையணைதான்.

மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் வரைபடம். மனிதர் எதைச் சொன்னாலும் ஒரு கோட்டைப் போட்டு, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டாமல் இருக்கமாட்டார். அவர் போட்ட சட்டம்தான் நாலு நிமிடம். எந்த மெசேஜுக்கும் நாலு நிமிடத்துக்குள் பதில் போயாக வேண்டும். தாண்டினால் திரையில் சிவப்புப் புள்ளி விழும். மூன்று வருடத்தில் என் பெயரில் ஒரு சிவப்புப் புள்ளிகூட விழுந்ததில்லை. வீட்டில் காபி பொங்கி வழிந்திருக்கிறது, குழாய் திறந்தபடி கிடந்திருக்கிறது, புள்ளி மட்டும் விழவில்லை.

என் கணவர் லிப்ட் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார். பகல் முழுக்க லிப்ட் ஓடும் இருட்டுச் சுரங்கத்தில் கம்பிகளோடு இருக்கிறவருக்குப் பேச்சுத் துணை கிடையாது, பழக்கமும் விட்டுப்போயிற்று. ஆனால் கனவு நன்றாகக் காண்பார். கல்யாணமான புதிதில் காலையில் கண் திறந்ததும் சொல்ல ஆரம்பிப்பார். எழுந்ததும் அகோரப் பசியோடு இருப்பார் என்பதால், "கனவுல பசிச்சுதா?" என்று கேட்பேன். பிற்பாடு ஊருக்கெல்லாம் விற்ற கேள்வி அங்கே பிறந்ததுதான்.

ஒருநாள் காலையில் தோசைக் கரண்டியும் கையுமாக வந்து நின்றார்.

"நேத்து ஒரு கனவு வந்துச்சு."

"ஒரு நிமிஷம்," என்றேன். போனில் யாருக்கோ மூன்றாவது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு நிமிடம் முடிந்ததாக நான் அவரிடம் சொல்லவே இல்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு அகராதியில் ஒரே ஒரு சொல்தான் புழங்கியது. சாவி எடுத்தாச்சா? ம். கரண்ட் பில்? ம். தலைவலியா? ம். சண்டை என்று எதுவும் கிடையாது. சண்டைக்குக்கூட இரண்டு பேர் நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

அடுத்த வாரம் பக்கத்துக்கு ஒரு புது ஆள் வந்தார். 'ஆறரை மாடி' என்று பெயர் வைத்திருந்தார், முகத்துக்குப் பதில் ஒரு மூடிய கதவின் படம். மனு எழுதுவது போல் சுத்தமான எழுத்துத் தமிழ்.

"நான் ஒரு சின்ன அறையில் நிற்கிறேன். அறை ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நிற்கிறது. கதவு திறந்தால் ஒரு கூடம். ஒரு பெண் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு முன்னால் சின்ன வெளிச்சம்."

"அவளைக் கூப்பிட்டீர்களா? கனவில் பசித்ததா?" என்று எழுதினேன்.

பதில் வந்தது: "கூப்பிட்டேன். 'ம்' என்றாள். ஆமாம், பசித்தது."

இவர் கவிஞராக இருக்கவேண்டும் என்று முடிவு கட்டினேன். லிப்ட் மெக்கானிக்கின் மனைவிக்கு, ஏறி இறங்கும் சின்ன அறை என்றால் என்னவென்று தெரியவில்லை. இதற்கு மேல் என் சாமர்த்தியத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தினமும் எழுதினார். ஒருநாள் அந்தக் கூடம் முழுக்கத் தண்ணீர். அந்தப் பெண் நாற்காலியோடு மிதந்துகொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை. ஒருநாள் அவள் தலையில் பனி பெய்திருந்தது. தட்டிவிடலாம் என்று அவர் கை நீட்டினார், அதற்குள் அறை இறங்கிவிட்டது. எனக்கு அந்தக் கனவுகள் பிடித்துப்போயின. சிவப்புப் புள்ளி பயத்தில் இல்லை, ஆசையாகவே பதில் எழுதினேன். காலையில் எழுந்ததும் ஆறரை மாடி எழுதியிருக்கிறாரா என்றுதான் பார்ப்பேன். பக்கத்தில் படுத்திருக்கும் ஆளைத் தாண்டிக் கை நீட்டித்தான் போனை எடுப்பேன்.

ஒருநாள் சாப்பிடும்போது கணவரிடமே சொன்னேன். "எங்க பேஜ்ல ஒருத்தர் எழுதறார். பாவம். பொண்டாட்டி சரியில்ல போல. வீட்ல மனுஷன் இருக்கான்னே பார்க்கமாட்டா போலிருக்கு."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போனது. "அப்படியா? நீ என்ன சொன்ன?"

"அவளுக்கும் ஒரு நல்ல தலையணை வாங்கிக் குடுங்கன்னேன்."

"ம்," என்றார். அன்றைக்கு அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது. ஊருக்குத்தான் உபதேசம் என்று அந்தத் தட்டாவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

ஏழாவது வாரம் முடிந்த திங்கட்கிழமை, வரைபடம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இனி பதில்களை மெஷின் எழுதும் என்றார். என்னுடைய மூன்று வருடப் பதில்களையும் படித்து, அச்சு அசல் என்னைப் போலவே எழுதக் கற்றுக்கொண்டதாம். "நாலு நிமிஷம் இல்ல மேடம், ஒன்பது செகண்ட்," என்று கோட்டைக் காட்டினார். எனக்கு விளம்பரத் திட்டம் போடும் வேலை. சம்பளம் குறையாது. பழைய மெசேஜ்களை இனி நான் திறக்க முடியாது.

வீட்டில் யாரோ செத்த மாதிரி இருந்தது எனக்கு. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் "ம்" வரும், அதற்கு எதற்கு வாயைத் திறப்பது என்று இருந்துவிட்டேன். மறுநாள் சாயங்காலம் அவர் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தம் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மீட்டிங். மெஷினின் முதல் மூன்று நாள் வெற்றியைக் காட்ட வரைபடம் ஒரு உரையாடலைச் சுவரில் பெரிதாகப் போட்டார். மேலே ஆறரை மாடி என்று இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை எழுதியிருக்கிறார்.

"இந்த அறை வேறு ஊருக்குப் போகப்போகிறது. அங்கே நாற்பது மாடி. இரண்டு வருடம் கீழே வராது. வியாழன் மாலை ஐந்து மணிக்குக் கதவு மூடிவிடும். அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள் போகாதே என்று சொன்னால் கதவுக்கு நடுவில் கையை விட்டு நிறுத்திவிடுவேன். என்ன சொல்கிறாய்? போகட்டுமா?"

ஒன்பது விநாடியில் தலையணையின் பதில்: "எவ்வளவு அழகான கனவு! நாற்பதாவது மாடியில் மேகம் ஜன்னலைத் தொடும். தயங்காமல் போய் வாருங்கள், உயரம் உங்களுக்காகக் காத்திருக்கிறது. கனவில் பசித்ததா? நெடும் பயணத்துக்கு எங்கள் கழுத்துத் தலையணை, இன்று மட்டும் இருபது சதவீதத் தள்ளுபடியில்."

அதற்கு அவர்: "சரி. போகிறேன். தலையணையும் அனுப்பு."

"பாருங்க," என்றார் வரைபடம். "ரெண்டு மனசா இருந்த ஆளு. ஒன்பது செகண்ட்ல முடிவு, உடனே ஆர்டர்." இரண்டு பேர் கை தட்டினார்கள்.

என் கேள்வியை எடுத்து, என் குரலில், என் ஆளை ஊரை விட்டு அனுப்பியிருக்கிறது. பொறாமை என்றுதான் சொல்லவேண்டும். பார்சல் இன்னும் போயிருக்காது என்று தோன்றியது. அதற்குள் கையால் ஒரு வரி எழுதி வைத்துவிடலாம்: "அவசரப்படாதீர்கள், அவளை நேரில் கேளுங்கள்." அப்படி வைத்தால் வேலை போகும். போனால் போகட்டும் என்று துண்டுச் சீட்டோடு கீழே இறங்கினேன்.

பார்சல் கட்டும் அக்கா, பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் டேப்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஆறரை மாடின்னு ஒரு ஆர்டர்."

அவர் ஒரு பெட்டியை எடுத்து என் பக்கம் தள்ளினார். "உங்க வீட்டுதுதானே? நானே கேக்கணும்னு இருந்தேன். இங்கயே வேலை பார்த்துட்டு எதுக்கு பார்சல்ல வாங்கறீங்க? கையோட எடுத்துட்டுப் போகலாமே."

சீட்டில் என் தெரு, என் கதவு எண், என் கணவரின் போன் நம்பர்.

பஞ்சு மெஷின் ஊதிக்கொண்டே இருந்தது. நான் அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். மிதந்த நாற்காலி, தலையில் பெய்த பனி, துடைத்து வைத்த பெட்டி எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உறைத்தது. பஞ்சுதான் பனி. தினமும் சாயங்காலம் அதைத் தலையில் சுமந்துகொண்டு அவர் எதிரில் போய் உட்கார்ந்தவள் நான்.

போன் செய்தேன். கிடைக்கவில்லை. லிப்ட் சுரங்கத்தில் சிக்னல் ஏது? அன்றைக்கு எந்தக் கட்டிடத்தில் வேலை என்றும் எனக்குத் தெரியாது. மூவாயிரம் பேர் என்ன கனவு கண்டார்கள் என்று தெரியும், கட்டிய புருஷன் எங்கே நிற்கிறார் என்று தெரியாது. அவர் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டேன். எடுத்த பெண், "நீங்க யாரு?" என்றாள். ஒரு விநாடி யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

ஏழு மாடி அலுவலகக் கட்டிடம். உள்ளே நுழையும்போது மணி நாலு முப்பத்தைந்து. லிப்டுக்கு முன்னால் மஞ்சள் பலகை: 'கதவுப் பரிசோதனை. ஏறக்கூடாது.' கதவு திறந்தது. உள்ளே என் கணவர், கையில் சின்ன நோட்டு.

"இருபத்தாறு," என்று எழுதியவர் நிமிர்ந்தார். "நீ எங்க இங்க?"

கதவு மூடிக்கொண்டது.

ஐம்பது முறை கதவு தடையில்லாமல் திறந்து மூட வேண்டும். நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். பதினெட்டு வருடமாக அவர் ஒரு எண்ணிக்கையைப் பாதியில் விட்டதில்லை. எனக்கு இருந்த நாலு நிமிடம் போல அவருக்கு இது.

திறந்தது. "அது நான் இல்ல," என்றேன்.

"எது?"

மூடியது. எவர்சில்வர் கதவில் என் முகம் கலங்கலாகத் தெரிந்தது. தலை முழுக்கப் பஞ்சு.

"செவ்வாக்கிழமை வந்த பதில். அது மெஷின் எழுதினது. திங்கக்கிழமையே என்கிட்டேர்ந்து எடுத்துட்டாங்க."

அவர் நோட்டில் எழுதாமல் நின்றார். "பசிச்சுதான்னு கேட்டுச்சே."

"என்கிட்ட கத்துக்கிட்டது."

மூடியது. திறந்தது.

"வேலைய எடுத்துட்டாங்கன்னு நீ ஏன் சொல்லல?"

"ஊரு மாத்தறாங்கன்னு நீங்க ஏன் சொல்லல?"

"சொன்னேனே. உன்கிட்டதானே சொன்னேன்."

மூடியது. அந்தக் கதவை இரண்டு கையாலும் பிளக்க வேண்டும் போல் இருந்தது எனக்கு.

"எழுதறது நான்னு உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

பொய் சொல்லலாம். அதற்கு வேண்டிய அவகாசத்தைக் கதவே கொடுத்தது. மூடித் திறக்கும் வரை யோசித்துவிட்டு, "இன்னிக்குதான்," என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. "எனக்கு முதல் நாளே தெரியும். பசிச்சுதான்னு வேற யாரு கேப்பா? நீயும் தெரிஞ்சுதான் எழுதறேன்னு நினைச்சேன். விளையாடறோம்னு நினைச்சேன்." குரல் இறங்கியது. "பொண்டாட்டி சரியில்லன்னு நீ உன்னையே சொல்லிக்கறேன்னு நினைச்சு, அன்னிக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"

மூடியது. வெட்கத்தில் எனக்குக் காது எரிந்தது. ஒரு தலையணைக்குப் பின்னால் ஒளிந்திருந்த என்னை இவர் ஒரே வரியில் கண்டுபிடித்திருக்கிறார். நான் ஏழு வாரம் இவரைப் படித்து, ரசித்து, இரக்கப்பட்டு, யாரோ என்று நினைத்திருக்கிறேன்.

"முப்பத்திரண்டு," என்று அவர் சொல்வது கதவு திறக்கும்போது கேட்டது. பழக்க தோஷம்.

"அது நீயா இருந்திருந்தா என்ன எழுதியிருப்ப?"

"அதையேதான் எழுதியிருப்பேன்," என்றேன். அழுகை வந்துவிட்டது. "போய் வாங்க, மேகம் ஜன்னலைத் தொடும்னு அழகா ஏதாவது எழுதியிருப்பேன். அந்த மெஷின் வேற யார்கிட்ட கத்துக்கிச்சு? யாரோ ஒருத்தருக்குன்னா அப்படித்தான் எழுதுவேன்."

மூடியது. முப்பத்துமூன்று. இந்தத் தடவை அது திறக்க ஒரு யுகம் பிடித்தது.

"யாரோ ஒருத்தர் இல்லாம எனக்குன்னா?"

மூன்று வருடம் ஊருக்கெல்லாம் இதமாகப் பேசிய வாய் இது. வார்த்தையே என் பிழைப்பு. அப்போது ஒன்றும் வரவில்லை. அவர் காத்திருந்தார். கதவு நகர ஆரம்பித்தது. அவர் தோள் மறைந்தது, பிறகு பாதி முகம், பிறகு ஒரு கண் மட்டும் மிச்சம் இருந்தது.

"போகாதீங்க," என்றேன். "பசிக்குதோ இல்லையோ, போகாதீங்க."

மிச்சமிருந்த இடைவெளியில் கிரீஸ் படிந்த விரல்கள் நீண்டன. கதவு திடுக்கிட்டு நின்றது, பிறகு முழுசாகத் திறந்துகொண்டது.

அவர் தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மறுபடியும் முதல்லேர்ந்து எண்ணணும்," என்றார்.

மணி நாலு ஐம்பது. லிப்டுக்குள் சிக்னல் கிடையாது என்று படிக்கட்டு ஜன்னலுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். போனை மேலே கீழே ஆட்டி ஒரு மூலையில் பிடித்தார்.

"சார், நான்தான். அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்னீங்களே, அந்த நாப்பது மாடி வேலை... இல்ல சார், நான் வரல. வேற ஆளைப் போட்டுக்குங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். "இல்ல சார், உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. வீட்ல கேட்டேன். வேணாம்னு சொல்லிட்டாங்க."

பிறகு போய் லிப்டுக்குள் நின்றுகொண்டார். நான் மஞ்சள் பலகைக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். கைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, வரைபடமாகத்தான் இருக்கும். கதவு திறந்தது.

"ஒண்ணு," என்று எழுதினார். நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நேத்து ஒரு கனவு வந்துச்சு," என்றார்.

மூடிக்கொண்டது. அது திறக்கும் வரை நான் கதவையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.